தெரியாது என்று சொன்ன நர்சம்மா

தமக்குத் தெரியாதவை பல உண்டு என்பதை அந்த நர்சம்மா வேலையில் சேர்ந்த முதல் நாளே எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்துவிட்டார். டாக்டர் வழக்கம்போல, "இந்தப் பக்கத்து ஊரெல்லாம் பழக்கமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

"பிரசவம் எல்லாம் தனியாப் பாத்துடுவீங்கல்ல?"

"சிலது பாப்பேங்க. சிலது எனக்குத் தெரியாது. தெரியாததுன்னா வண்டி கட்டி தஞ்சாவூருக்கு அனுப்பிடுவேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பணியேற்பு அறிக்கையை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். தெரிந்தவற்றை எழுத அந்தப் படிவத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. தெரியாதவற்றுக்கு ஒன்றும் இல்லை.

நான் அங்கே சுகாதார ஆய்வாளர். பட்டம் பெற்றவன், சுற்றறிக்கைகளைப் பத்தி எண்ணோடு சொல்லக்கூடியவன், அதனாலேயே அலுவலக எழுத்து வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. சென்னையில் ஆட்சி மாறி, மாநிலத்தின் பெயரும் மாறியிருந்த சமயம். 'மெட்ராஸ்' என்று அச்சிட்ட படிவங்கள் கட்டுக்கட்டாக மிஞ்சியிருந்ததால், ஒவ்வொன்றிலும் அதை அடித்துவிட்டு 'தமிழ்நாடு' என்று பேனாவால் எழுதினேன். சரித்திரத்தில் என் பங்கு அவ்வளவுதான்.

வெளியே வயல்களில் வேறு சரித்திரம் நடந்தது. விவசாயத் தொழிலாளர்கள் கூலியை உயர்த்தச் சொல்லிச் செங்கொடி கட்டினார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பு அறுத்தார்கள். போலீஸ் பள்ளிக்கூடத்தில் தங்கியது. அரசாங்கம், மிராசு, சங்கம் ஆகிய மூன்று தரப்பிலும் எல்லாம் தெரிந்தவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் ஒரு பெண் 'தெரியாது' என்று சொல்லிக்கொண்டு குடையும் தோல்பையுமாக வரப்பில் நடந்து திரிந்தது எனக்கு முதலில் வேடிக்கையாகவும் பிறகு எரிச்சலாகவும் இருந்தது.

நாற்பதை நெருங்கிய வயது இருக்கும். குத்தாலம் பக்கம் சொந்த ஊர் என்றார்கள். குள்ளமான, அவசரப்படாத உடம்பு. அவருடைய 'தெரியாது'வுக்கு ஒரு பின்பாதி உண்டு. மற்றவர்கள் தெரியாது என்று சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். இவர் உட்கார்ந்துவிடுவார். குழந்தை பால் குடிக்க மாட்டேன் என்கிறது என்று ஒரு வீட்டில் சொன்னால், "ஏன்னு தெரியல. பசிக்கட்டும், பாப்போம்" என்று தரையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொள்வார். குழந்தை வாய் வைப்பதையும் இழுப்பதையும் விழுங்குவதையும் பார்த்த பிறகுதான் பையை எடுப்பார். நாளொன்றுக்குப் பதினைந்து வீடு பார்க்க வேண்டும் என்பது விதி. அவருடைய பயண நாட்குறிப்பில் மூன்று வீடு இருக்கும். சில நாள் ஒன்றுதான்.

விளக்கம் கேட்டு நான் ஒரு மெமோ தயாரித்து டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பதில் வந்தது: 'மேற்படி நாளில் குழந்தை தூங்கிவிட்டது. எழுந்திருக்கும்வரை இருந்தேன்.'

நேரிலும் கேட்டேன். "ஏன் சிஸ்டர், தூங்குற குழந்தைய எழுப்பிப் பாக்கக் கூடாதா?"

"எழுப்பினா அழுவும் சார். அழுவுற புள்ள எப்படிக் குடிக்கும்னுதான் அப்பத் தெரியும். பசிச்ச புள்ள எப்படிக் குடிக்கும்னு தெரியாது."

அந்த மெமோவை நான் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று முடித்துவைத்தேன். வேறு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள அப்போது மனம் வரவில்லை.

'தெரியாது' என்ற அந்த ஒரு சொல்லால் நர்சம்மாவுக்கு முதல் பகை வந்தது மேலத்தெருவில், பெரிய பண்ணை வீட்டில். மிராசுதார்தான் ஊராட்சி மன்றத் தலைவரும். அவருடைய மருமகள் மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது லேசாகக் காய்ச்சல் வந்து உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது. மூன்று நாளில் மறைந்தும் போனது. டாக்டரை அழைத்தார்கள், நாங்களும் கூடப் போனோம். டாக்டர் நாடி பார்த்து, "வேர்க்குரு மாதிரிதான், ஒண்ணும் ஆகாது" என்றார். ஒரு வாழைத்தார் ஜீப்பில் ஏறியது. மிராசுதாருக்கு அது போதவில்லை. முற்றத்தில் நின்றிருந்த நர்சம்மாவையும் கேட்டார்.

"நீயும் சொல்லும்மா. வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தெரியாதுங்க."

"டாக்டரே சொல்லிட்டாருங்கறேன்."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாதுங்க. இந்த மாசத்துல இப்படிப் பொரிஞ்சா சில புள்ளைங்களுக்குக் கண்ணுல, காதுல கோளாறு வரும்னு பயிற்சியில சொல்லிக் கொடுத்தாங்க. எல்லாருக்கும் வராது. இந்தப் புள்ளைக்கு வருமான்னு பொறந்த பொறவுதான் பாக்கணும்."

"நல்ல வார்த்தை ஒண்ணு சொல்ல வராதா உனக்கு?" என்றார் மிராசுதார்.

ஜீப்பில் திரும்பும்போது டாக்டர் பின்னால் திரும்பாமலே சொன்னார்: "கர்ப்பிணிகிட்ட தைரியம் சொல்லணும்மா. அது வைத்தியத்துல பாதி."

"தைரியம் சொல்லலாங்க. பொய்யா இல்லாமச் சொல்ல எனக்கு வரல" என்றார் அவர்.

குழந்தை கொழுகொழுவென்று பிறந்தது. ஊர் முழுக்கச் சர்க்கரை வழங்கினார்கள். ஆறேழு மாதம் கழித்து நர்சம்மா அந்த வீட்டுக்குப் போய், விளையாடிக்கொண்டிருந்த குழந்தையின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் போட்டார். வீடே அதிர்ந்தது. சமையற்கட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். குழந்தை திரும்பவில்லை. கையிலிருந்த மரச்சொப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

தஞ்சாவூரில் காட்டச் சொன்னார். காட்டினார்களோ என்னவோ, மிராசுதார் வேறு விதமாகக் கணக்குத் தீர்த்தார். அந்த வாயால் சொல்லித்தான் குழந்தைக்கு அப்படி ஆகிவிட்டது என்றார். டாக்டர் 'ஒண்ணும் ஆகாது' என்று சொன்னது யாருக்கும் நினைவில் இல்லை. நர்சம்மா இனி மேலத்தெருவுக்குள் வரக்கூடாது என்றார்கள்.

அதற்கடுத்த சம்பா அறுவடையில்தான் இது நடந்தது.

கீழத்தெருவில் தொழிலாளர் குடும்பங்கள். ஆண்களில் பாதிப்பேர் வேலைநிறுத்தத்தில் கைதாகி சப்-ஜெயிலில் இருந்தார்கள். மற்ற நாட்களில் பண்ணை வீட்டு மாட்டிலிருந்து பாலோ மோரோ அந்தத் தெருவுக்குக் கொஞ்சம் கிடைக்கும். அதுவும் நின்றுபோயிருந்தது. மேலத்தெருக் கிணறு அவர்களுக்கு எப்போதுமே கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் வாய்க்கால் தண்ணீர்தான்.

அங்கே காத்தாயி என்ற இளம்பெண்ணுக்கு அம்மை போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. அம்மை என்றால் உடனே போய்ப் பார்க்க வேண்டும். பெரியம்மையை ஒழிக்க அரசாங்கம் கங்கணம் கட்டியிருந்த காலம். சைக்கிளில் போனேன். கூரை இறவாணத்தில் வேப்பிலை செருகியிருந்தது. புருஷன் சிறையில். வீட்டில் அவனுடைய அக்காள் அஞ்சலைதான் அதிகாரம். கைம்பெண், கணீரென்ற குரல். உள்ளே காத்தாயி வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். முதுகிலும் வயிற்றிலும்தான் நீர்க்கொப்புளங்கள். உள்ளங்கையில் இல்லை. பெரியம்மை அல்ல, சின்னம்மைதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

பக்கத்தில் அவளுடைய ஒன்றரை மாதப் பெண் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. என் கையேட்டில் பெரியம்மைக்கு விதி இருந்தது: நோய் கண்ட தாயிடமிருந்து கைக்குழந்தையைப் பிரித்து மாற்றுப் பால் தர வேண்டும். சின்னம்மைக்குத் தனி விதி இல்லை. சின்னதற்கு இல்லாவிட்டால் பெரியதன் விதியைப் பொருத்துவது எந்த அலுவலகத்திலும் வழக்கம். குழந்தையைப் பிரிக்கச் சொன்னேன். நிவாரணத்துக்கு வந்திருந்த பால் பவுடர் டின் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கலக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி, வழங்கல் பதிவேட்டில் அஞ்சலையின் கைநாட்டையும் வாங்கிக்கொண்டேன்.

அஞ்சலைக்கு என் உத்தரவு பிடித்திருந்தது. அவளுடைய எண்ணமும் அதேதான். அம்மா, அதாவது அம்மன், இறங்கியிருக்கும் உடம்பில் ஊறும் பால் சூட்டுப் பால், அது அம்மனுடையது, பிள்ளைக்கு ஆகாது என்பது தெருவின் நம்பிக்கை. மூன்றாம் முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பீய்ச்சி வேப்பமரத்தடியில்தான் ஊற்றுவார்கள். அரசாங்கமும் அம்மனும் ஒரே கருத்தில் இருப்பது அபூர்வம். நான் திருப்தியாக சைக்கிளை மிதித்தேன்.

நர்சம்மா அந்த வாரம் ஒரு சிக்கலான பிரசவத்துக்காக வேறு ஊரில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது பதிவேட்டைப் பார்த்தார்.

"டின்னு கொடுத்தீங்களா சார்?"

"விதிப்படிதான். கொதிக்கவெச்சுக் கலக்கச் சொல்லிட்டேன்."

குடையைக்கூட எடுக்காமல் கிளம்பினார். அவர் வேகமாக நடந்ததை அன்றுதான் பார்த்தேன். ஏனோ நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். மேலத்தெரு முனையில் மிராசுதாரின் ஆள் ஒருவன் வழிமறித்து, "எங்க, கீழத்தெருவுக்கா? சங்கத்துல சேந்தாச்சா?" என்றான். "ஒரு புள்ளையப் பாக்கப் போறேன்" என்று நிற்காமலே சொல்லிவிட்டு நடந்தார்.

குழந்தைக்கு இரண்டு நாளாகப் பேதி. அண்டை வீட்டில் கோணியில் கிடத்தியிருந்தார்கள். உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. அழுதது, கண்ணீர் வரவில்லை. நர்சம்மா அதன் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். தோல் கிள்ளியபடியே நின்றது.

"பால் எப்படிக் கலந்தீங்க?"

"குளுமையாத்தான் குடுத்தோம்" என்றாள் அஞ்சலை. "அம்மா இருக்கற வீட்டுப் புள்ளைக்குச் சூடாக் குடுப்பாங்களா? வாய்க்காத் தண்ணிய வடிகட்டி, பச்சத்தண்ணியிலயே கரைச்சோம்."

அம்மை வீட்டில் எல்லாம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். டின்னை நீட்டும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. சுற்றறிக்கைதான் வந்தது.

"பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாமா?" என்றேன்.

"கலாட்டாவுல பஸ் ஓடலை, ஜீப்பும் டாக்டரோட கேம்ப் போயிருக்கு சார். வண்டியில போய்ச் சேர்ற வரைக்கும் இது தாங்குமான்னு தெரியல" என்றவர் அஞ்சலையிடம் திரும்பினார். "புள்ளைய ஆத்தாகிட்ட கொண்டுபோயி விடு. பால் குடிக்கட்டும்."

"என்ன பேசுற நர்சம்மா? அம்மைப் பாலக் குடுத்து, புள்ளைக்கும் அம்மா எறங்கிட்டா?"

"எறங்கலாம்."

"எறங்காதுன்னு சத்தியம் பண்ணு, குடுக்கறேன்."

"பால் வழியா அது வருமான்னு எனக்குத் தெரியாது அஞ்சலை. பால் இல்லாட்டி என்ன வரும்னு தெரியும். ரெண்டு நாள்தான் தாங்கும்."

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா ஐயா? தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு நர்சு, அதுக்கு ஒரு பையி! எங்க தெருவுல இருக்கற கழுதைக்கும்தான் தெரியாது. அதுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?"

நர்சம்மா உட்கார்ந்துவிட்டார். காத்தாயி வீட்டு வாசலில், வெறும் தரையில். உள்ளேயிருந்து அவள் முனகுவது கேட்டது. பால் கட்டி மார் கல்லாகியிருந்தது. பக்கத்தில் ஓர் அலுமினிய டம்ளரில், வேப்பமரத்தடியில் ஊற்றுவதற்காகப் பீய்ச்சி வைத்த பால் இருந்தது. நர்சம்மா அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு மடக்குக் குடித்தார்.

தெரு அப்படியே நின்றுபோயிற்று. அந்தத் தெருவில் அதுவரை அரசாங்க ஊழியர் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. நான் குடித்ததில்லை.

"கசக்கல. தித்திப்பாத்தான் இருக்கு" என்றார். எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. அத்தோடு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அவர் விடவில்லை. "ஆனா நான் குடிச்சதுல ஒண்ணும் இல்ல. எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டு எறங்கிடுச்சு, இனிமே வராது. ருசி பாக்கத்தான் குடிச்சேன்."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அஞ்சலை அவரை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். ஏமாற்ற வந்தவர்களை நிறையப் பார்த்தவள் அவள். ஓட்டுக் கேட்டவர்கள், கூலி ஒப்பந்தம் பேசியவர்கள், டின் கொடுத்தவர்கள் எல்லோரும் உறுதியாகத்தான் பேசியிருந்தார்கள்.

"ஏ காத்தாயி, நீ என்னடி சொல்ற?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"கொண்டாங்க அண்ணி" என்றாள் காத்தாயி. அழுதுகொண்டே சொன்னாள்.

நர்சம்மா உள்ளே போய் முதலில் பார்த்தார். இடது காம்பை ஒட்டி இரண்டு கொப்புளங்கள் இருந்தன. அந்தப் பக்கத்தைச் சுத்தமான துணியால் மூடிக் கட்டினார். "இந்தப் பக்கத்த பீய்ச்சிக் கொட்டிடு. கொப்புளத்துத் தண்ணியில நோய் இருக்கு, அது எனக்குத் தெரியும். வலது பக்கம் சுத்தமா இருக்கு. அதுல போடு." குழந்தைக்கு முதலில் இழுக்கத் தெம்பில்லை. பாலைச் சங்கில் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாக விட்டார். பிற்பகல் ஆனபோது குழந்தை தானே வாய் வைத்தது. நான் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பேதி நின்றது. உச்சிக்குழி நிரம்பியது.

அதற்கப்புறம் சில நாளில் குழந்தையின் மேல் கொப்புளங்கள் வந்தன. பத்துப் பன்னிரண்டுதான். லேசான காய்ச்சல். ஆனால் வந்துவிட்டன.

நான் அவரிடம் ஓடினேன். "சிஸ்டர், இது மூச்சுக்காத்துல, தொடுறதுல பரவுறது. ஒரே குடிசையில முன்னாடியே ஒட்டியிருக்கும். பாலால இல்லன்னு சொல்லிடுங்க, நான் எழுதித் தரேன்."

"இருக்கலாம் சார். பாலாலயும் இருக்கலாம். எனக்குத் தெரியாதே."

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் இதைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சின்னம்மை கண்ட தாயின் பால் வழியாக நோய் பரவுவதாகத் தெரியவில்லை என்கிறார்கள். நோயை எதிர்க்க அவள் உடம்பில் உண்டாகும் சத்து பாலிலும் கொஞ்சம் போய்ச் சேர்வதாகவும் சொல்கிறார்கள். வேறு சில வைரஸ்கள் பால் வழியாகவே பிள்ளைக்குப் போவதுண்டு என்றும் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமாம். பெரியதன் விதியைச் சின்னதற்குப் பொருத்தக் கூடாது என்று புத்தகத்தில் எழுதியிருப்பதை எழுபது வயதில் படிப்பது ஓர் அனுபவம்.

குழந்தைக்கு அம்மை வந்த செய்தி மேலத்தெருவுக்குப் போனது. ஊராட்சி மன்றத் தலைவர் கையெழுத்தோடு மனு வந்தது: அம்மை கண்ட தாயின் நஞ்சுப் பாலைச் சிசுவுக்குப் புகட்டச் செய்து, நோயைப் பரப்பி, வேலைநிறுத்தக்காரர்களுக்கு உடந்தையாக இருக்கும் நர்ஸ் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். அவரை வேலையிலிருந்தே நீக்கலாம் என்ற அளவுக்கு அதில் விஷயம் இருந்தது. விசாரணை டாக்டர் அறையில். வாக்குமூலம் பதிவது நான்.

காத்தாயி மடியில் குழந்தையோடு வந்தாள். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. குழந்தை ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

"பால் குடுக்கச் சொன்னது யாரும்மா?" என்றார் டாக்டர்.

"யாரும் சொல்லலைங்க. மாரு கனத்துப்போச்சு, புள்ள அழுவுச்சு. நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

"ஆமாங்க" என்றாள் பின்னால் நின்ற அஞ்சலை. "நர்சம்மா சும்மா ஒக்காந்திருந்துச்சு. அது எங்க போனாலும் சும்மாத்தானே ஒக்காந்திருக்கும்!"

டாக்டரின் முகம் மலர்ந்தது. ஓய்வுபெற அவருக்குச் சில மாதங்களே இருந்தன. மிராசுதாரையும் பகைக்க வேண்டாம், ஒரு நர்சையும் அனுப்ப வேண்டாம். "அப்ப முடிஞ்சுது. எழுதிக்கங்க" என்றார் என்னிடம்.

"இல்லைங்க" என்றார் நர்சம்மா. "நான்தான் சொன்னேன்."

"நர்சம்மா, வாய மூடிக்கிட்டு இரேன்!" என்று அஞ்சலை கத்தியேவிட்டாள்.

"இல்ல அஞ்சலை. யாரும் சொல்லலன்னு ஆபீசுல எழுதிட்டா, நாளைக்கு இன்னொரு வீட்டுல இதே மாதிரி ஆனா அவங்க யாரைக் கேப்பாங்க? மறுபடியும் டின்னுதான் வரும். நான் சொன்னேங்க. இடது பக்கம் வேண்டாம், வலது பக்கம் குடுன்னு சொன்னேன். புள்ளைக்கு அம்மை வந்துச்சு, அதையும் எழுதிக்கங்க. பொழைச்சுக்கிச்சு, அதையும் எழுதிக்கங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. பேதி எதனால வந்துச்சு?"

"டின் பாலைப் பச்சத்தண்ணியில கரைச்சுட்டாங்க. டின்ன சார் கொடுத்தாரு. கொதிக்கவெச்சுக் கலக்கத்தான் சொல்லியிருக்காரு. அம்மை வீட்டுல சூடாக் கலக்க மாட்டாங்கங்கறது அவருக்கு அப்பத் தோணல."

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "அது மனுவுல இல்லாத விஷயம். எழுத வேணாம்."

வாக்குமூலத்தைச் சொன்னது சொன்னபடி பதிய வேண்டும் என்பது விதி. அதன் எண் எனக்குத் தெரியும். என் பேனா நின்றது. பால் கொடுக்கச் சொன்ன வரியை எழுதியிருந்தேன். டின் வரியை எழுதவில்லை.

கையெழுத்துப் போடுமுன் நர்சம்மா தாளை முழுக்கப் படித்தார். "ஒரு வரி விட்டுப்போயிருக்கு சார்" என்றார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கேட்டது நான், சொன்னது நீங்க. அது போதும்மா" என்றார் டாக்டர். நர்சம்மா பேனாவை எடுத்தார். தாளின் அடியில், தன் கையெழுத்துக்கு மேலே, 'நான் சொன்னதில் ஒரு வரி இதில் இல்லை' என்று எழுதினார். என்ன வரி என்று எழுதவில்லை.

வேலை போகவில்லை. கண்டிப்பும் இடமாறுதலும் வந்தன. பட்டுக்கோட்டைப் பக்கம். அந்த உத்தரவின் நகலை நான்தான் தட்டச்சு செய்தேன்.

பஸ் நிலையத்தில் வழியனுப்பப் போனேன். மன்னிப்புக் கேட்க வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

"சார், அந்தப் புள்ளையப் பாத்துக்கிட்டே இருங்க. கழுத்து நிக்குதா, குப்புற விழுவுதா, தவழுதா, எல்லாம் அந்தந்த மாசத்துல ஆவுதான்னு ஒரு கார்டு போடுங்க. பச்ச உடம்புல பேதியும் அம்மையும் அடுத்தடுத்து வந்தா என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது."

எந்தப் படிவத்திலும் இல்லாத வேலை. செய்தேன். 'கழுத்து நின்றுவிட்டது' என்று முதல் கார்டு போட்டேன். பதில் வந்தது: 'யார் சொன்னார்கள்? நீங்கள் பார்த்தீர்களா?' அஞ்சலை சொல்லித்தான் எழுதியிருந்தேன். மறுபடி போனேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வாசல் தரையில் உட்கார்ந்தேன். அஞ்சலை வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஐயாவுக்கும் அந்த வியாதி தொத்திக்கிச்சா?" என்று கேட்டுவிட்டு ஒரு சொம்பு தண்ணீரைப் பக்கத்தில் வைத்தாள். குடித்தேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்.

குப்புற விழுந்தது கொஞ்சம் தாமதம். தவழ்ந்தது அதைவிடத் தாமதம். ஒவ்வொன்றையும் நானே பார்த்து எழுதினேன். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். காத்தாயியின் புருஷன் விடுதலையாகி வந்தான். கூலி ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகி, மீறப்பட்டு, மறுபடி கையெழுத்தானது. ஒன்றேகால் வயதில் ஒரு நாள் குழந்தை சுவரை விட்டுவிட்டு நான்கு அடி நடந்தது. நான் பார்த்தேன்.

அன்றைய கார்டு நிறைய எழுதினேன். நடந்ததை எழுதிவிட்டு, மிச்ச இடத்தில், அந்த வாக்குமூலத்தில் டின் கொடுத்தது நான் என்பதை எழுதாமல் விட்டதையும், அதை மேலதிகாரிக்கு இப்போது எழுதி அனுப்பியிருப்பதையும், அதற்குப் பதில் ஏதும் வரவில்லை என்பதையும் நுணுக்கி நுணுக்கி எழுதினேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. இரண்டே வரி. 'டின் சமாச்சாரம் அன்றைக்கே தெரிந்ததுதானே. பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை.'

மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்தேன். குழந்தை வாசலில் மண்ணை அள்ளிக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பியது. அப்புறம் அதன் வேலையை அது பார்த்தது. வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். கடைசியில் அது நிமிர்ந்து, என் காக்கிச் சட்டையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, கையை ஆட்டி, தெளிவாக ஒரு சொல் சொன்னது. அஞ்சலை சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

கார்டில் அப்படியே எழுதினேன்: 'பேச்சு வந்துவிட்டது. நானே கேட்டேன். என்னைப் பார்த்து, போ என்றாள்.'